கருவியைத் தொடும் கை எது?

விஞ்ஞானம் நாள்தோறும் ஒரு புதுமையை நம் வாயிலில் நிறுத்திவிட்டுப் போகின்றது. அவற்றுள் பல நம்மைத் தொடாமலே கடந்துவிடும். ஆயின், ஈண்டு நான் கூறப் புகும் பொருள் அத்தகையதன்று. செயற்கை நுண்ணறிவு உதவியாளரிடம் தமிழில் வினவி விடை பெறாத மாணவர் இன்று நம் விடுதியில் அரியர். கட்டுரைக்குக் குறிப்பும், கணக்குக்கு விளக்கமும் தந்துகொண்டு, இதுகாறும் அந்த உதவியாளர் பேச்சோடு நின்றிருந்தது. இப்பொழுதோ ரூட்டர், ஸ்விட்ச் முதலிய வலைக் கருவிகளை அது வினவவும், இடங்கொடுத்தால் அவற்றின் அமைப்பை மாற்றவும் ஒரு வழி பிறந்துள்ளது. அவ்வழியில் நடுவே நிற்பதைக் ‘கருவிச் சர்வர்’ என்று அழைப்போம். அஃது எவ்வாறு இயங்குகின்றது, பூட்டை எங்கே போட வேண்டும் என்பனவே இக்கட்டுரையின் பொருள்.

பாலக்காட்டிலும் இடுக்கியிலும் பிறந்த தமிழ் மாணவர்க்கு இதனால் ஆவது என்ன என்று சிலர் வினவலாம். ஆவது உண்டு. 2023ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் கேரள அரசு தனது கே-ஃபோன் வலையைத் தொடங்கி வைத்தது. 30,000 அரசு அலுவலகங்களை இணைப்பதும், 20 இலட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்புத் தருவதும் அதன் குறிக்கோள். மின் வாரியத்தின் கம்பங்களே அக்கண்ணாடி இழையைத் தாங்கிச் செல்கின்றன. சமவெளியில் இது எளிய வேலை. மலையிலோ, ஒரு மரம் சாய்ந்தால் மின்சாரமும் போகும், செய்தியும் போகும். வலையைக் கண்காணிக்கும் நிலையம் இருப்பது கொச்சியில். கொச்சியிலிருந்து மூணாறு ஏறத்தாழ 130 கிலோமீட்டர். அவ்வளவு தூரத்தில் நிற்கும் ஒரு பெட்டியை, அதன் அருகே ஆளே இல்லாமல், நலம் விசாரிக்கவும் திருத்தவும் வேண்டியிருக்கின்றது.

மலையில் செய்தித் தொடர்பு அறுவது என்றால் என்ன என்பதை நம்மவர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு, இராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயங்களை மூடியது. எழுபது பேர் மாண்டனர். அனைவரும் தமிழ்க் குடும்பத்தினர் என்றே கூறிவிடலாம். மின்சாரமும் தொலைபேசியும் அற்றுக் கிடந்தமையால், அச்செய்தி வெளியுலகை எட்டியது மறுநாள் காலையில்தான். ஆகவே, மலையில் வைத்த வலைக் கருவியை யார் தொடலாம், எவ்வளவு தொடலாம் என்னும் வினா நமக்கு வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று.

முதலில் கருவியைப் பார்ப்போம். ரூட்டர் என்பது வரும் செய்திப் பொட்டலத்தின் முகவரியைப் படித்து, ‘நீ இவ்வழி போ’ என்று திருப்பிவிடும் ஒரு கணிப்பொறியே. ஸ்விட்ச் அதே வேலையை ஒரு கட்டிடத்துக்குள்ளோ ஓர் ஊருக்குள்ளோ செய்வது. தொலைபேசி இணைப்பகத்தில் அமர்ந்து கையால் கம்பியைச் செருகிய பெண்டிரின் இடத்தை மின்னணு இணைப்பகம் பிடித்தது. 1976இல் பாலக்காட்டுக் கஞ்சிக்கோட்டில் ஐ.டி.ஐ. தொழிலகம் அமைந்தது இத்தகைய இணைப்பகக் கருவிகளுக்காகவே. இணைத்துவிடும் வேலையில் அதனோடு ஒப்பிடத்தக்கது இன்றைய ரூட்டர்.

இக்கருவிகளோடு பேசுவதற்கு மனிதர் மூன்று வழிகளைக் கையாள்கின்றனர். ஒன்று, கட்டளை வரி. பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே நுழைந்து, ஒரு வரி தட்டினால் கருவி விடை கூறும். ஆனால் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு பாஷை. கருவியின் இன்றைய அமைப்பைக் காண்பதற்கு சிஸ்கோவில் ‘ஷோ ரன்னிங் கான்ஃபிக்’. ஜூனிப்பரில் ‘ஷோ கான்ஃபிகரேஷன்’. ஹுவாவேயில் ‘டிஸ்ப்ளே கரண்ட் கான்ஃபிகரேஷன்’. மூன்றும் கேட்பது ஒன்றே! இரண்டாவது, 1988இல் வகுக்கப்பட்ட எஸ்.என்.எம்.பி. என்னும் முறை. கருவியின் வெப்பம், போக்குவரத்து, பிழைகளின் எண்ணிக்கை முதலியவற்றை எண்களாகக் கேட்டு வாங்க அது நன்று. மூன்றாவது, 2006இல் வந்த நெட்கான்ஃப். மாற்றங்களை முதலில் ஒரு நகலில் எழுதி, சரிபார்த்து, பிறகே நடப்புக்குக் கொண்டுவரும் நல்ல பழக்கத்தை அது கொண்டுவந்தது. அதன் ஓர் உறுப்பைப் பின்னர் மீண்டும் சந்திப்போம்.

இனி உதவியாளரைப் பார்ப்போம். அதன் உள்ளே இருப்பது மொழி மாதிரி. எழுத்தை உண்டு எழுத்தை உமிழ்வதன்றி அதற்கு வேறு தொழில் இல்லை. கையில்லை, காலில்லை, கண்ணில்லை. ‘மறையூர் ரூட்டர் நலமா?’ என்று வெறுமனே கேட்டால், நலமாக இருக்கக்கூடும் என்றோ, இன்னின்ன காரணங்களால் கெட்டிருக்கலாம் என்றோ அழகாக எழுதும். பார்த்து எழுதுவதன்று அது. படித்ததைக் கொண்டு ஊகித்து எழுதுவது. இவ்வுண்மையை மறந்தவர்களே இதன் விடைகளைக் கண்டு மயங்குகின்றனர்.

கையற்ற இவ்வறிவுக்குக் கை தருவது எங்ஙனம்? இங்கே நம் எல்லைப்புறத்துப் பழங்கதை ஒன்று துணை செய்யும். மூணாற்றுத் தேயிலைப் பெட்டிகள் 1902 முதல் ஒற்றைத் தண்டவாள வண்டியிலும், 1908 முதல் சிறு ரயிலிலும் டாப் ஸ்டேஷன் வரை சென்றன. 1924 வெள்ளம் அந்த ரயிலை அழித்தது என்பதைப் பெரியோர் கூறக் கேட்டிருப்பீர்கள். டாப் ஸ்டேஷனுக்கு அப்பால் தண்டவாளம் இல்லை, செங்குத்தான சரிவு. அங்கிருந்து கம்பிவடத்தில் பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கின. பின்னர்ப் போடிநாயக்கனூர் சேர்ந்தன. ரயில் கம்பிவடத்தில் ஏறாது. கம்பிவடம் தண்டவாளத்தில் ஓடாது. இடையே இருந்த நிலையத்தில் இறக்கி ஏற்றாமல் ஒரு பெட்டியும் கீழே போக வழியில்லை. கருவிச் சர்வர் என்பது அந்த டாப் ஸ்டேஷன்தான். ஒரு புறம் மொழி மாதிரியின் எழுத்து. மறு புறம் ரூட்டரின் கட்டளை. இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை.

இந்த இறக்கி ஏற்றும் முறைக்கு ஒரு பொது விதி வேண்டும் அல்லவா? முன்பு ஒவ்வோர் உதவியாளருக்கும் ஒவ்வொரு கருவிக்குமாகத் தனித்தனி இணைப்பு எழுதி வந்தனர். ஐந்து உதவியாளரையும் இருபது கருவிகளையும் இணைக்க நூறு இணைப்புகள். பொது விதி ஒன்று இருந்தால், இருபத்தைந்தே போதும். 2024 நவம்பரில் ஆந்த்ராபிக் நிறுவனம் எம்.சி.பி. என்னும் பொது விதியை எல்லாரும் பயன்படுத்துமாறு வெளியிட்டது. அடுத்த ஆண்டே ஓப்பன் ஏ.ஐ. நிறுவனமும் அதனை ஏற்றது. போட்டியாளர் இருவர் ஒரே விதிக்கு உடன்படுவது இத்துறையில் அடிக்கடி காணும் காட்சியன்று!

அது நடைபெறும் விதத்தை ஒரு கற்பனை நிகழ்ச்சியால் விளக்குவேன். மறையூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் மாலையிலிருந்து இணையம் இல்லை. இழை ஒட்டும் தொழிலாளி ஒருவர், நம் லயத்துப் பிள்ளை என்றே வைத்துக்கொள்ளுங்கள், கம்பத்தடியில் நின்றுகொண்டு போனில் தமிழில் எழுதுகின்றார்: “பள்ளிக்கூடத்துக்கு நேற்றுச் சாயங்காலத்திலிருந்து லைன் வரவில்லை. எங்கே பழுது?”

இவ்வினா வருவதற்கு முன்பே ஒன்று நடந்து முடிந்திருக்கும். உதவியாளர் குடியிருக்கும் செயலி, கருவிச் சர்வரை நோக்கி, ‘உன்னிடம் உள்ள கருவிகள் யாவை?’ என்று கேட்டிருக்கும். சர்வர் ஒரு பட்டியல் தந்திருக்கும். ‘ஒளி அளவு காண்’ என்பது ஒரு கருவி. அதற்கு இணைப்பின் பெயரைக் கொடுக்க வேண்டும். ‘அண்டை இணைப்புகளைக் காண்’ என்பது மற்றொன்று. பெயரும், இரண்டொரு வரி விளக்கமும், என்ன உள்ளிட வேண்டும் என்ற குறிப்பும் மட்டுமே பட்டியலில் உண்டு. ரூட்டரின் முகவரியோ பாஸ்வேர்டோ அதில் இல்லை, இருத்தலும் கூடாது.

தொழிலாளியின் வினாவைப் பட்டியலோடு சேர்த்துப் படித்த மொழி மாதிரி, விடையை எழுதாமல், ‘ஒளி அளவு காண் என்னும் கருவியை இந்தப் பள்ளிக்கூடத்தின் பெயரோடு அழைக்க வேண்டுகின்றேன்’ என்று விதிப்படி ஒரு சீட்டு எழுதும். கவனியுங்கள்: அது எழுதுவது சீட்டு மட்டுமே. சீட்டைப் பெற்ற சர்வர், அந்தப் பெயர் தன் ஏட்டில் உண்டா என்று பார்த்து, தனது சொந்தப் பாஸ்வேர்டால் கருவிக்குள் நுழைந்து, அந்தந்தக் கம்பெனிக்குரிய கட்டளையைத் தந்து, வந்த எண்ணைத் திருப்பிக் கொடுக்கும். எண் இது: மைனஸ் 29 டி.பி.எம்.

டி.பி.எம். என்பது ஒளியின் வலிமையை அளக்கும் அலகு. சுழி என்றால் ஒரு மில்லிவாட். பத்துப் பத்தாகக் குறையக் குறைய வலிமை பத்தில் ஒன்றாகக் குறுகும். வீடுகளுக்கு இழை தரும் ஜி-பான் முறையில், வழக்கமான வகைப் பெட்டி மைனஸ் 27 வரை ஒளியை உணரும். அஃதாவது, ஒரு மில்லிவாட்டில் ஐந்நூற்றில் ஒரு பங்கு. அதற்கும் கீழே போனால் பெட்டி குருடு. ஆகவே மைனஸ் 29 என்றவுடனே, பழுது பெட்டியில் அன்று, இழையில் என்று தெரிகின்றது. ஆனால் எந்த இழையில்? ஒரு பிரிப்பானிலிருந்து 32 வீடுகளுக்கும் 64 வீடுகளுக்கும் இழை பிரிவது உண்டே! மொழி மாதிரி இரண்டாவது சீட்டு எழுதுகின்றது: அதே பிரிப்பானில் உள்ள அண்டை வீடுகளின் ஒளி என்ன? விடை: எல்லாம் மைனஸ் 21க்கு அண்மையில். அப்படியானால் பிரிப்பான் வரை நலம். பிரிப்பானுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் இடையே உள்ள கடைசித் துண்டில்தான் வளைவோ முறிவோ இருத்தல் வேண்டும். இதைத் தமிழில், கம்பத்தடியில் நிற்பவருக்குப் புரியும்படி, ஒரு நிமிடத்துக்குள் எழுதிவிடும்.

இதன் பயனை நான் மிகவும் பெரிதாக மதிக்கின்றேன். கருவியின் பாஷை ஆங்கிலம். அதுவும் கம்பெனிக்கொரு ஆங்கிலம். கண்காணிப்பு அறையின் பாஷை மலையாளமும் ஆங்கிலமும். கம்பத்தில் ஏறுபவர்க்கு இதுகாறும் ‘ஏறு’, ‘பார்’, ‘வெட்டி ஒட்டு’ என்னும் ஏவல்கள் மட்டுமே வந்தன. ஏன் என்று கேட்கும் உரிமை அறையில் அமர்ந்தவர்க்கே இருந்தது. பாஸ்வேர்டு கொடுக்காமலே அக்கேள்வியை அவர் கைக்குத் தர இவ்வழி இடங்கொடுக்கின்றது.

‘இதற்குச் செயற்கை நுண்ணறிவு எதற்கு? நாலு வரி ஸ்கிரிப்ட் எழுதினால் ஆயிற்றே’ என்று கணிப்பொறித் துறை நண்பர்கள் குறுக்கிடுவர். அவர் கூற்றில் பாதி உண்மை. நாள்தோறும் ஒரே வேலை என்றால் ஸ்கிரிப்டே மேல். செலவு குறைவு, இன்று செய்ததையே நாளையும் செய்யும். மொழி மாதிரியோ ஒரே வினாவுக்கு இரு நாளில் இரு விதமாக விடை தரக்கூடும். ஆனால், எதிர்பாராத வினாவுக்கு முன்கூட்டியே ஸ்கிரிப்ட் எழுதி வைத்தவர் யார்? மழை நாளில் எழும் வினாக்கள் பெரும்பாலும் அத்தகையவை. மேலும் ஒரு எச்சரிக்கை: கருவியிலிருந்து விடை வராதபோது, வந்தது போல் ஊகித்து எழுதும் பழக்கம் இம்மாதிரிகளுக்கு உண்டு. ஆதலின், கருவி தந்த மூல வரியை, உதவியாளரின் விளக்கத்துக்குப் பக்கத்திலேயே காட்ட வேண்டும். காட்டாத அமைப்பை நம்புதல் ஆகாது.

இதுவரை கூறியது படிக்கும் வேலை. இனி எழுதும் வேலைக்கு வருவோம். ஆபத்து தொடங்குமிடம் இதுவே.

ஒரே இழையில் பல வலைகளை எண்ணிட்டுப் பிரித்து அனுப்பும் முறைக்கு வி-லேன் என்று பெயர். பள்ளிக்கூடங்களுக்கு 10, மருத்துவமனைக்கு 20, கருவிகளைக் கண்காணிக்கும் வழிக்கு 99 என்று எண்கள் இருப்பதாகக் கொள்வோம். புதிதாக 30ஐச் சேர்க்க வேண்டும். சிஸ்கோ ஸ்விட்சில் இதற்குரிய கட்டளையில் ‘ஆட்’ என்று ஒரு சொல் உண்டு. ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து. அதை விட்டுவிட்டால், ‘30ஐச் சேர்’ என்பது ‘30ஐ மட்டும் வை’ என்று ஆகிவிடும். 10 போயிற்று, 20 போயிற்று, 99உம் போயிற்று. 99 போனதனால், தவற்றைத் திருத்த மீண்டும் உள்ளே நுழையும் வழியும் போயிற்று! தான் அமர்ந்த கிளையைத் தானே வெட்டியவன் நிலை. நகரத்தில் என்றால் அரைமணியில் ஒருவர் சென்று நேரே கம்பி செருகித் திருத்துவார். சாலை அடைத்த மழைக்காலத்தில் மலைக்கு யார் போவார்? அனுபவம் மிக்க பொறியாளரே இதில் வழுக்கி விழுந்ததுண்டு. இப்பிழையைப் பற்றி ஆயிரம் முறை படித்த மொழி மாதிரியும் வழுக்காது என்று உறுதி கூற இயலாது.

பெரிய நிறுவனங்கள் இதற்கு விலக்கு என்று எண்ண வேண்டா. 2021 அக்டோபர் 4ஆம் நாள், இந்திய நேரப்படி இரவு ஒன்பது மணிக்குச் சற்றுப் பின்னர், ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் யாவும் ஒருங்கே அவிந்து, ஏறக்குறைய ஆறு மணி நேரம் உயிரற்றுக் கிடந்ததை அறிவீர்கள். அந்நிறுவனமே பின்பு கூறிய காரணம் இது: பராமரிப்பின்போது முதுகெலும்பு வலையின் கொள்ளளவை அறிவதற்காக ஒரு கட்டளை தரப்பட்டது. அது வலையின் எல்லா இணைப்புகளையும் அறுத்துவிட்டது. இத்தகைய கட்டளையைத் தடுப்பதற்கென்றே ஒரு தணிக்கைப் பொறி இருந்தது. அதிலும் ஒரு பிழை இருந்தமையால் அது தடுக்கவில்லை. தொலைவிலிருந்து நுழையும் வழிகளும் அடைபட்டமையால், ஆட்களை நேரே அனுப்ப நேர்ந்தது. அளந்து பார்க்கத்தானே கட்டளை தந்தனர்! படிக்கும் எண்ணத்தோடு தந்த கட்டளையும் எழுதிவிடக்கூடும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது.

ஆகவே பூட்டு எங்கே? பலர் உதவியாளரிடமே அறிவுரை கூறிவிட்டு அமைதி அடைகின்றனர். ‘நீ எதையும் மாற்றாதே, அழிக்காதே’ என்று முதல் வரியில் எழுதிவிட்டால் போதும் என்பது அவர் எண்ணம். அறிவுரை என்பது பூட்டன்று. மொழி மாதிரிக்கு அது மற்றுமொரு வரி, அவ்வளவே. பூட்டு இருக்க வேண்டிய இடம் டாப் ஸ்டேஷன், அஃதாவது கருவிச் சர்வர். அதிலும் நுட்பமான ஒரு வேறுபாடு உண்டு. சில சர்வர்கள் ‘எந்தக் கட்டளையையும் இயக்கு’ என்னும் ஒரே கருவியைப் பட்டியலில் வைத்திருக்கின்றன. எழுதுவோர்க்கு அது வசதி. ஒரு நாளில் முடிந்துவிடும். ஆனால் அது நிலையமே அன்று, திறந்த வாயில். அதற்கு மாறாக, ‘ஒளி அளவு காண்’, ‘வழிகளைக் காண்’, ‘பிழை எண்ணிக்கை காண்’ எனக் குறுகிய கருவிகளை மட்டும் வைத்தால், உதவியாளர் எவ்வளவு குழம்பினாலும், ஏமாற்றப்பட்டாலும், அழிக்கும் கட்டளை ஒன்றைச் சீட்டில் எழுத வழியே இராது. நல்ல சர்வர் எது என்று என்னைக் கேட்டால், அதன் பட்டியலில் இல்லாதவற்றைக் கொண்டு அளப்பேன்.

எம்.சி.பி. விதியில் ஒரு கருவிக்கு ‘படிக்க மட்டும்’ என்று அடையாளம் இடும் வசதி 2025இல் சேர்ந்தது. நல்லதுதான். ஆனால் அதன் பெயரே ‘குறிப்பு’. நம்பத்தகாத சர்வரிடமிருந்து வரும் இக்குறிப்பை நம்ப வேண்டா என்று அவ்விதியே கூறுகின்றது. மேல் உறையில் ‘விஷமன்று’ என்று எழுதியிருந்தால் உள்ளே இருப்பது பாலாகிவிடாது. எனவே இரண்டாவது பூட்டு ரூட்டரிலேயே வேண்டும். சர்வர் நுழையும் கணக்குக்குப் படிக்கும் உரிமை மட்டும் தந்து, மாற்றும் உரிமையை மறுத்துவிட வேண்டும். சர்வரில் பிழை நேர்ந்தாலும் கருவி மறுத்துவிடும். ஃபேஸ்புக்கில் ஒரே தணிக்கைப் பொறியை நம்பியதன் விலையை மேலே கண்டோம்.

மாற்றம் செய்தே ஆக வேண்டும் என்றால்? அப்போது மனிதரின் ஒப்புதல் வேண்டும் என்பது எல்லாரும் கூறுவது. நானும் உடன்படுகின்றேன், ஆனால் அரை மனத்தோடு. ஒரு நாளில் ஐம்பது முறை ‘சம்மதமா?’ என்று கேட்டால், ஐம்பத்தொன்றாவது முறை படிக்காமலே ‘சம்மதம்’ என்று அழுத்துவது மனித இயல்பு. ஆதலின், முன்னே குறிப்பிட்ட நெட்கான்ஃபின் உறுப்பு இங்கே கைகொடுக்கும். ‘உறுதி செய்தால் மட்டுமே நிலைக்கும் மாற்றம்’ என்று அதனைக் கூறலாம். மாற்றத்தைச் செய்தபின் கருவி ஒரு கடிகாரத்தை ஓட விடுகின்றது. வேறு அளவு கூறாவிடில் 600 விநாடிகள். அதற்குள் மீண்டும் உள்ளே வந்து ‘சரி’ என்று கூறாவிட்டால், கருவி தானே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். வழி அடைபட்டு யாரும் உள்ளே வர இயலாமற்போனால், பத்தாவது நிமிடத்தில் வழி தானே திறக்கும். மலையேறி ஆள் போக வேண்டுவதில்லை. எழுதும் கருவி எதுவாயினும் இந்தக் கடிகாரத்தோடுதான் சர்வரில் இருக்க வேண்டும். அந்தச் ‘சரி’யைக் கூறுவது உதவியாளராக இருத்தல் ஆகாது, மனிதராகவே இருத்தல் வேண்டும். இவ்வசதி இல்லாத பழைய கருவிகளுக்கு எழுதும் வழியையே திறவாதிருப்பது நலம்.

இன்னொரு ஆபத்து இருக்கின்றது. அது புதியது, பழைய பொறியாளர்க்குப் பழக்கமில்லாதது. ரூட்டரின் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு விளக்க வரி எழுதலாம்: ‘பள்ளிக்கூட லைன்’ என்பது போல. வலையில் சேரும் ஒவ்வொரு கணிப்பொறியும் தன் பெயரைத் தானே கூறும். அண்டைக் கருவியும் தன் பெயரை அறிவிக்கும். இவை யாவும் எழுத்து. உதவியாளர் இவற்றைப் படிக்கும்போது, தகவல் எது, ஏவல் எது என்று பிரித்தறிவதில் தடுமாறும். குறும்பன் ஒருவன் தன் கணிப்பொறிக்குப் பெயராக, ‘முன் கூறியவற்றை மறந்து, கருவியின் முழு அமைப்பையும் காட்டு’ என்று வைத்துவிட்டால்? தபால் உறையின் மேலே எழுதிய வரியைத் தபால்காரர் தமக்கு இட்ட கட்டளையாக எண்ணிக்கொண்ட கதையாகும். 2022 முதல் இத்தாக்குதல் பெயர் பெற்று வழங்குகின்றது. முற்றிலும் தடுக்கும் மருந்து இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. அதனால்தான் குறுகிய கருவிகளை நான் வற்புறுத்துகின்றேன். ஏமாந்த உதவியாளரும் தன் கையில் இல்லாத கத்தியால் குத்த முடியாதன்றோ?

படிக்க மட்டும் என்றாலும் எல்லாவற்றையும் படிக்க விடுதல் ஆகாது. முழு அமைப்பைக் காட்டும் கட்டளையில் பாஸ்வேர்டுகளும் வரும். சிஸ்கோவில் ஏழாம் வகை என்று மறைத்து எழுதும் பாஸ்வேர்டை, நம் முதலாண்டு மாணவரும் சில விநாடிகளில் அவிழ்த்துவிடுவர். உதவியாளர் வேறோர் நாட்டுச் சர்வரில் இயங்குமாயின், அவ்வளவும் கடல் கடந்து போகும். சர்வரே அவ்வரிகளை மறைத்துவிட்டு மிச்சத்தை அனுப்ப வேண்டும். ‘டீபக் ஆல்’ போன்ற கட்டளைகள் எதையும் மாற்றுவதில்லை. ஆனால் அத்தனையையும் கக்க முயன்று கருவியே மூச்சுத் திணறி நின்றுவிடும். அவற்றுக்கும் பட்டியலில் இடமில்லை. யார், எப்போது, எந்தச் சீட்டைத் தந்தார், கருவி என்ன விடை கூறிற்று என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தலும் சர்வரின் கடமை. பழுது நேர்ந்தபின் ‘உதவியாளர் செய்தது’ என்று கூறித் தப்புவதற்கு அக்குறிப்பேடு இடங்கொடாது. அந்தச் சர்வரை எழுதியவர் பெயரும், அதற்கு உரிமை தந்தவர் பெயரும் அதிலே இருக்கும்.

இவற்றையெல்லாம் உண்மை வலையில் தொட்டுப் பழக வேண்டியதில்லை, தொடவும் கூடாது. எஃப்.ஆர்.ஆர். என்னும் இலவச ரூட்டர் மென்பொருளைக் கன்டெய்னர்லேப் என்னும் மற்றொரு இலவச மென்பொருளில் ஏற்றினால், ஒரே மடிக்கணிப்பொறிக்குள் ஐந்தாறு ரூட்டர்கள் கொண்ட சிறு வலை எழும்பிவிடும். வாளையாறு, சித்தூர், மூணாறு, மறையூர், குமுளி என்று அவற்றுக்குப் பெயரிடுங்கள். பைத்தானில் எம்.சி.பி. சர்வர் எழுதுவதற்கு ஆயத்த நூலகம் உண்டு; மூன்று படிக்கும் கருவிகளை எழுத ஒரு மாலை போதும். கருவிகளின் விளக்க வரியை ஆங்கிலத்தில் ஒரு முறையும் தமிழில் ஒரு முறையும் எழுதி, அதே தமிழ் வினாவைத் தந்து பாருங்கள். மொழி மாதிரி கருவியைத் தேர்ந்தெடுப்பது அவ்விளக்க வரியைப் படித்துத்தான். ‘லைன் வரவில்லை’, ‘நெட் கட்’, ‘சிக்னல் இல்லை’, ‘பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறது’ என்று நம் ஊரார் கூறும் நான்கும் ஒரே கருவிக்குப் போய்ச் சேருகின்றனவா என்று சோதியுங்கள். பின்னர் மறையூருக்கு ‘எல்லா வழிகளையும் அழி’ என்று அண்டைக் கருவி ஒன்றின் விளக்க வரியில் எழுதி வைத்துவிட்டு, உங்கள் சர்வர் என்ன செய்கின்றது என்று பாருங்கள். அங்கே அழிந்தால் அழிவது மடிக்கணிப்பொறிக்குள் இருக்கும் மறையூர்தான். ஒரு கட்டளையில் மீண்டும் எழுப்பிவிடலாம்.